ஓடிப்போயிருப்பாள் என்று ஊர் சொன்ன பிறகு

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலில் லூயிஸ் என்றொரு தீவு இருக்கிறது. 1964-இல் அத்தீவின் ஆர்னிஷ் சதுப்புவெளியில் அடுப்பெரிக்க பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு மனிதனின் எச்சங்கள் தட்டுப்பட்டன. பீட் என்பது பாசியும் செடிகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறி, முழுதும் மக்காமல் இறுகிப்போன கரிய மண்; வெட்டிக் காயவைத்தால் விறகுபோல் எரியும். அந்த மண்ணுக்குள் கிடந்தவன் ஓர் இளைஞன். கம்பளி மேலங்கியும் காலுறையும் பின்னல் தொப்பியும் அழியாமல் இருந்தன. அவனுடைய சிறு பைக்குள் ஒரு மரச்சீப்பு, கொம்பில் செய்த ஒரு கரண்டி, எழுதுவதற்கான இறகுகள். உடைகளை ஆராய்ந்தவர்கள் அவன் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவன் என்று கணித்தார்கள். மண்டையோட்டின் பின்பக்கம் உடைந்திருந்தது.

அந்தத் தீவில் ஒரு பழைய கதை வழங்கிவந்தது. ஸ்டோர்னோவே ஊரில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் பள்ளிக்குப் போகாமல் பறவைக்கூடு தேடிச் சதுப்புவெளிக்குப் போனார்கள்; அங்கே சண்டை மூண்டது; ஒருவன் கல்லால் அடித்து மற்றவனைக் கொன்று, அங்கேயே புதைத்துவிட்டுக் கப்பலேறினான்; பல ஆண்டுகள் கழித்து அவனுடைய கப்பல் அதே துறைமுகத்துக்கு வந்தபோது அடையாளம் காணப்பட்டுத் தூக்கிலிடப்பட்டான். மண்ணுக்குள் கிடைத்தவன்தான் கதையில் வரும் பையன் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனாலும் பையில் இருந்த இறகுகளைப் பார்த்தபின் அந்தக் கதையை நினைக்காமல் இருக்க முடியாது. கிட்டத்தட்ட 250 ஆண்டுகள் மண் ஓர் உடலை வைத்திருந்தது. ஊர் ஒரு கதையை வைத்திருந்தது. இரண்டும் சந்திக்கத் தற்செயலாக ஒரு மண்வெட்டி வர வேண்டியிருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன ஒரு பதின்வயதுப் பிள்ளையை மையமாக வைத்து, ஸ்காட்லாந்தின் கிராமப்புறத்தில் நிகழும் மர்ம நாவல்கள் இன்று ஏராளமாக வெளிவருகின்றன. அவற்றை வாசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பாராட்டுவது சூழலைத்தான்: மூடுபனி, ஈரம், ஆளில்லாத புதர்வெளி, பேசாத மனிதர்கள். அந்தப் பாராட்டில் ஒரு குறை இருப்பதாக நான் நினைக்கிறேன். அந்தச் சூழலை மனநிலைக்கான வண்ணப்பூச்சாக மட்டும் வாசித்தால் நாவலின் பாதி கைநழுவிவிடும். அங்கே இருட்டுக்கும் ஈரத்துக்கும் வெறுமைக்கும் மௌனத்துக்கும் ஒவ்வொரு வேலை இருக்கிறது. ஒரு பிள்ளை ஏன் அங்கே தொலைந்தது, ஏன் இத்தனை ஆண்டுகள் கிடைக்கவில்லை, ஏன் இப்போது கிடைத்தது என்ற கேள்விகளுக்கான விடை அவற்றில்தான் இருக்கிறது.

முதலில் வெறுமை. ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் நிர்வாகப் பகுதி ஏறத்தாழ 25,700 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதில் வாழ்வோர் சுமார் 2.35 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர்தான் வருகிறார்கள், அவர்களிலும் கணிசமானோர் இன்வெர்னஸ் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருப்பவர்கள். சுற்றுலாப் படங்களில் இந்த வெறுமை இயற்கையின் கொடைபோலத் தெரியும். உண்மையில் அதன் பெரும்பகுதி மனிதர்கள் செய்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து சுமார் நூறாண்டுகள், ஆட்டுப்பண்ணைகளுக்கு இடம் வேண்டி நிலவுடைமையாளர்கள் குடியானவர்களை வெளியேற்றினார்கள். சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-இல் வீடுகளின் கூரைகள் கொளுத்தப்பட்டன. அதற்குப் பொறுப்பாக இருந்த பேட்ரிக் செல்லர் 1816-இல் இன்வெர்னஸ் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு விடுதலையானார். இடிந்த அந்தக் கல்வீடுகளின் அடிச்சுவர்கள் இன்றும் புல்லுக்கு நடுவே தெரிகின்றன. நாவலில் ஒரு சிறுமி கடைசியாக நடந்துபோன பாதையில் கூரையில்லாத வீடொன்று வந்தால், அந்த நிலத்துக்கு ஆட்களைத் தொலைத்துவிட்டு மௌனமாக இருந்து பழக்கமுண்டு என்பதை நாவலாசிரியர் சொல்லாமல் சொல்கிறார்.

அடுத்தது வெளிச்சம். இன்வெர்னஸ் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 57.5 பாகையில் இருக்கிறது. டிசம்பரின் மிகக் குறுகிய நாளில் காலை ஒன்பது மணியளவில் உதிக்கும் சூரியன் பிற்பகல் மூன்றரைக்கு மறைந்துவிடும். ஜூனிலோ இரவு பத்து மணிக்கு மேலும் வெயில் இருக்கும். நள்ளிரவிலும் வானம் முழுக்க இருளாது. இந்த நீண்ட அந்திப் பொழுதுக்கு ஸ்காட்ஸ் மொழியில் குளோமிங் என்று பெயர். இது அழகான சொல் மட்டுமில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு சாட்சி ‘இருட்டுகிற நேரத்தில் அவளை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன்’ என்று சொன்னால், அது ஜூனில் இரவு பதினொரு மணியாகவும் டிசம்பரில் மாலை நான்கு மணியாகவும் இருக்கலாம். பள்ளி விட்டு வரும் பிள்ளை குளிர்காலத்தில் இருட்டில்தான் வீடு வந்து சேர்கிறது. தேடுதலும் அப்படித்தான். டிசம்பரில் ஒரு பிள்ளை காணாமற்போனால், தேடுபவர்களுக்கு ஒரு நாளில் கிடைக்கும் வெளிச்சம் ஆறரை மணி நேரம்.

இனி மண். ஸ்காட்லாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பீட் மூடியிருக்கிறது. வடகோடியில் கேத்னஸ், சதர்லாந்து மாவட்டங்களில் பரந்துகிடக்கும் ஃப்ளோ கன்ட்ரி என்ற சதுப்புவெளியை 2024-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. ஸ்பேக்னம் என்ற பாசி நீரைத் தேக்கி, அதைப் புளிப்பாக்குகிறது, தேங்கிய நீருக்குள் உயிர்வளி இறங்குவதில்லை, குளிர் வேறு. அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அங்கே பெருக முடியாததால் உடல் அழுகாது. தோல் பதனிட்ட தோல்போல் கறுத்துத் தடிக்கும். எலும்பின் சுண்ணாம்புச் சத்தோ அந்தப் புளிப்பில் கரையும். சில இடங்களில் உடலே கரைந்துபோய் உடை மட்டும் மிஞ்சும். ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாண்ட் தீவுக்கூட்டத்தின் கன்னிஸ்டரில் 1951-இல் பீட் வெட்டியவர்கள் கண்டெடுத்த மனிதனிடம் எஞ்சியிருந்தவை பெரும்பாலும் அவனுடைய கம்பளி உடைகளும் பின்னல் பணப்பை ஒன்றும்தான். பைக்குள் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த மூன்று நாணயங்கள் இருந்தன.

கம்பளி, தோல், தலைமுடி ஆகியவை பீட்டில் நிலைக்கும். பருத்தியும் லினனும் தாவர நார் என்பதால் காலப்போக்கில் கரைந்துவிடும். இதைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். லினன் நூலால் தைத்த கம்பளிக் கோட்டு ஒன்று சதுப்பிலிருந்து வெளியே வரும்போது துணி அப்படியே இருக்கும். தையல் மட்டும் மறைந்திருக்கும். கோட்டு தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்து விழும். 1980-களில் தொலைந்த ஒரு பெண்ணின் பருத்திச் சட்டை முதலில் போய்விடும். அவளுடைய பாட்டி பின்னிய கம்பளிச் சட்டை நிற்கும். ஜிப்பும் நெகிழிப் பொத்தானும் நிற்கும். நாவலாசிரியர் அவள் அன்று அணிந்திருந்ததை ஏன் அத்தனை நுணுக்கமாக எழுதிவைக்கிறார் என்பது பிற்பாடுதான் புரியும்.

பீட்டிடம் உள்ள மற்றொரு சிக்கல் காலம். அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளர்கிறது. குழி தோண்டிப் புதைத்த உடலின் ஆழம் அதன் வயதைச் சொல்வதில்லை. நாற்பது ஆண்டுகளில் மேலே சேர்வது நான்கு விரற்கடைகூட இராது. அதனால் சதுப்பிலிருந்து எழும் முகம் நேற்றையதா, இரண்டாயிரம் ஆண்டு பழையதா என்று முதற்பார்வையில் சொல்ல இயலாது. தெற்கே இங்கிலாந்தின் லிண்டோ சதுப்பில் 1983-இல் ஒரு பெண்ணின் மண்டையோடு கிடைத்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் மனைவி காணாமற்போயிருந்த ஒருவர், தானே அவளைக் கொன்று அங்கே புதைத்ததாகக் காவல்துறையிடம் ஒப்புக்கொண்டார். ஆய்வில் அந்த மண்டையோடு சுமார் 1,700 ஆண்டுகள் பழமையானது என்று தெரியவந்தது. ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் அவர் தண்டிக்கப்பட்டார். மண்ணைப் பற்றிய அச்சம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சியை எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்துவிட முடியாது.

பீட்டிலிருந்து உடலை எடுத்துக் கதை சொல்லும் வழக்கம் ஸ்காட்டிஷ் இலக்கியத்தில் இருநூறு ஆண்டுகள் பழையது. தெற்கு எல்லைப்புற மலைகளில் ஆடு மேய்த்து வளர்ந்து, எட்ரிக் இடையர் என்றே அழைக்கப்பட்ட ஜேம்ஸ் ஹாக், 1823 ஆகஸ்டில் ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார். மலை உச்சியில், தற்கொலை செய்துகொண்டதாகச் சொல்லப்படும் ஓர் இளைஞனின் கல்லறையைத் தோண்டிய இடையர்கள், நூறாண்டுக்கு மேலாகியும் உடல் சிதையாதிருக்கக் கண்டார்கள் என்பது அதன் செய்தி. மறு ஆண்டு அவர் வெளியிட்ட ‘ஒரு நியாயவானான பாவியின் ஒப்புதல்கள்’ என்ற நாவல் அதே கல்லறையில் போய் முடிகிறது. அந்த இறுதிப் பகுதியை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். பதிப்பாசிரியராக வரும் பாத்திரம் கல்லறையைத் தேடி எட்ரிக் பக்கம் வந்து, ஆட்டுச் சந்தையில் ஹாக்கையே சந்தித்து வழிகாட்டக் கேட்கிறது. ஹாக் மறுத்துவிடுகிறார், தனக்கு ஆட்டு வேலை இருக்கிறதென்கிறார். வேறோர் இடையனின் உதவியோடு போனால், கடிதத்தில் குறித்த மலை ஒன்று, கல்லறை இருக்கும் மலை வேறொன்று. இடத்தை அறிந்த உள்ளூர்க்காரன் வெளியாளிடம் அதைச் சொல்ல மாட்டான் என்பதை, தன்னையே அந்த உள்ளூர்க்காரனாக நிறுத்தி ஹாக் எழுதிவைத்தார். இன்றைய கிராமப்புற மர்ம நாவல்கள் அனைத்தும் அந்த மறுப்பின் வழித்தோன்றல்கள் என்றே நான் சொல்வேன்.

மண் வைத்திருப்பதை ஒருநாள் வெளியே கொண்டுவருவதற்கும் அந்த நாட்டில் உரிய வழிகள் இருக்கின்றன. அவற்றில் மிகக் கச்சிதமானது காடு. முதல் உலகப் போருக்குப் பின், 1919-இல் வனவியல் ஆணையம் அமைக்கப்பட்டபோது ஸ்காட்லாந்தில் காடு என்று சொல்லத்தக்கது சுமார் ஐந்து சதவிகிதம்தான் இருந்தது. இன்று அது பத்தொன்பது சதவிகிதத்தை ஒட்டியிருக்கிறது. கூடியதில் பெரும்பகுதி வட அமெரிக்காவிலிருந்து வந்த சிட்கா ஸ்புரூஸ் மரங்களின் தோட்டக்காடு. வரிசையாக உழுது நடப்படும் இம்மரங்கள் சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று நெருங்கி, அடியில் பகலிலும் வெளிச்சம் புகாத அளவுக்கு அடர்ந்துவிடும், புல்கூட முளைக்காது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் மொத்தத்தையும் ஒரே வீச்சில் வெட்டி எடுப்பார்கள். 1980-இல் கன்று நட்ட சரிவில் ஒருவர் எதையாவது ஒளித்திருந்தால், 2020-ஐ ஒட்டி அறுவடை இயந்திரம் அங்கே வந்து நிற்கும். ஒளித்தவர் இருபது வயது இளைஞராயிருந்தால் அப்போது அவருக்கு அறுபது வயது. ஊரில் மதிப்போடு வாழ்ந்துகொண்டிருப்பார். நாவல்கள் எதற்காக இன்றைக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னைக்கும் இடையே மாறிமாறிப் போகின்றன என்பதற்கு இந்த மரங்களின் ஆயுளே ஒரு விளக்கம்.

ஆனாலும் நிலத்தைவிட ஆழமாகப் புதைக்கவல்லது ஊர். கேலிக் மொழி பேசும் தீவுகளில் அறிமுகமில்லாத பிள்ளையைப் பார்த்தால் ‘கோ லெஷ் ஊ?’ என்று கேட்பது வழக்கம். நீ யார் வீட்டுப் பிள்ளை என்பது பொருள். மக்லவுட், மக்டொனால்ட் என்று ஒருசில குடும்பப் பெயர்களே ஊர் முழுக்கத் திரும்பத் திரும்ப வருவதால், தந்தை, பாட்டன் பெயர்களைக் கோத்தோ பட்டப்பெயராலோதான் ஒருவரை அடையாளப்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. அதனாலேயே ஒருவரைக் குறித்து ஒன்றைச் சொல்வது இன்னும் பத்துப் பேரைக் குறித்துச் சொல்வதாகிவிடுகிறது. சாட்சி சொல்ல வேண்டியவர் குற்றஞ்சாட்டப்பட வேண்டியவரின் மைத்துனராகவும், விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் இருவரோடும் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவராகவும் இருப்பார்.

இந்த மௌனத்துக்குப் பொருளியல் வேர் ஒன்றும் உண்டு. இதை நாவல் விமர்சனங்களில் அதிகம் பேசுவதில்லை. ஸ்காட்லாந்தின் தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி, ஐந்நூறுக்கும் குறைவான உரிமையாளர்களிடம் இருக்கிறது. பெரிய எஸ்டேட்டுகளில் மான் வேட்டையையும் கௌதாரி வேட்டையையும் கவனிக்கும் கேம்கீப்பர், ஆடு மேய்ப்பவர், தோட்டக்காரர் ஆகியோருக்கு வேலையோடு வீடும் கொடுப்பது வழக்கம். வேலை போனால் வீடும் போகும். சிறு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கும் கிராஃப்டர்களின் நிலை வேறு. 1886-இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்களைக் காரணமின்றி வெளியேற்ற முடியாதபடி காத்தது. ஆகவே ஒரே ஊரில், ஒரே இரவில் ஒரே காட்சியைக் கண்ட இருவரில் கிராஃப்டரின் மனைவி பேசக்கூடும். கேம்கீப்பரின் மனைவி வாய் திறக்காமல் இருக்கக்கூடும். அது அவளுடைய இயல்பைக் காட்டுவதாக வாசகர் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் நான்கு பிள்ளைகளின் தலைக்கு மேலுள்ள கூரையைக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லாவற்றிலும் கனமான மூடி ஒரு வாக்கியம்: ‘ஓடிப்போயிருப்பாள்.’ ஸ்காட்டிஷ் கிராமப்புறத்தில் இதை ஊர் எளிதில் நம்புவதற்குக் காரணங்கள் உள்ளன. இளையோர் ஊரைவிட்டுப் போவதுதான் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. கிளாஸ்கோவுக்கு, லண்டனுக்கு, கனடாவுக்கு. இலங்கையில் முதல் வணிகத் தேயிலைத் தோட்டத்தை 1867-இல் லூல்கந்துரவில் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயர் கிராமத்திலிருந்து தம் பதினாறு வயதில் கப்பலேறியவர்தான். அவர் ஊருக்குத் திரும்பவேயில்லை. போனவர்கள் திரும்பாமலிருப்பது வியப்புக்குரிய செய்தியாக அங்கே இருந்ததில்லை. சட்டமும் இதற்குத் துணைநின்றது. ஸ்காட்லாந்தில் பதினாறு வயது நிறைந்தவர் பெற்றோர் சம்மதமின்றித் திருமணம் செய்துகொள்ளலாம், பள்ளியை விட்டு நிற்கலாம், தனியே வாழப் போகலாம். பதினைந்து வயதும் பதினொரு மாதமும் ஆன பெண் காணாமற்போனால் குழந்தை ஒன்று தொலைந்திருக்கிறது; இரண்டு மாதம் கழித்துப் போயிருந்தால் ஓர் இளம்பெண் தன் விருப்பப்படி போயிருக்கிறாள் என்று யாரேனும் சொல்லிவிட இடமிருக்கிறது. அவளுடைய பிறந்தநாளை நாவல் எந்த மாதத்தில் வைக்கிறது என்று கவனித்துப் பாருங்கள்.

தொலைதூரப் பகுதிகளின் பள்ளி முறையும் இதில் சேர்கிறது. ஷெட்லாண்டின் வெளித் தீவுகளிலிருந்து லெர்விக் நகரின் மேல்நிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் வார நாள்களில் விடுதியில் தங்குகிறார்கள். கடல் கொந்தளித்தால் படகு வராது. விடுதி, பிள்ளை வீட்டில் இருப்பதாக நினைக்கலாம். வீடு, விடுதியில் இருப்பதாக நினைக்கலாம். கைப்பேசி வருவதற்கு முந்தைய காலத்தில் இந்த இரண்டு நினைப்புகளுக்கும் நடுவே ஓர் ஆள் இரண்டு நாள்கள் இல்லாமலே இருந்திருக்க முடியும். ரயில் பாதைகளைக் குறைக்கச் சொல்லி 1963-இல் வெளியான பீச்சிங் அறிக்கைக்குப் பிறகு கிராமப்புற ரயில் பாதைகள் பல மூடப்பட்டன. எடின்பரோவிலிருந்து எல்லைப்புற ஊர்கள் வழியாகச் சென்ற வேவர்லி பாதை 1969 ஜனவரியில் நின்றது. வண்டியில்லாத பதின்வயதினருக்கு, வருகிற காரை நிறுத்தி ஏறிக்கொள்வது அன்றாடப் பழக்கமாயிற்று.

ஓடிப்போன கதையை ஒருவர் திட்டமிட்டே உருவாக்கவும் முடியும். 1991 பிப்ரவரியில், பதினைந்து வயது மாணவி ஒருத்தி அக்காவைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகையில், பாத்கேட் என்ற சிற்றூரில் அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். பனி பெய்திருந்த இரவு. அதன் பின் அவளைக் காணவில்லை. சில நாள்களில் அவளுடைய பணப்பை எடின்பரோவின் பஸ் நிலையத்துக்கு அருகே கிடைத்தது. அவள் பெருநகரத்துக்கு வந்து எங்கோ போய்விட்டாள் என்று எண்ண அது போதுமாயிருந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2007-இல், இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஒரு வீட்டின் தோட்டத்தில் அவளுடைய உடல் கிடைத்தது. முன்பு அங்கே குடியிருந்த பீட்டர் டோபின் என்பவர் 2008-இல் தண்டிக்கப்பட்டார். அந்தப் பணப்பையில் இருந்த மரபணுத் தடயம் அப்போது சிறு பிள்ளையாயிருந்த டோபினின் மகனுடையது. ஒரு குழந்தை விளையாட்டாக வாயில் வைத்த பை, தந்தை பரப்பிய கதையை அத்தனை ஆண்டுகளுக்குப் பின் உடைத்தது. நாவல்களில் வரும் ‘லண்டனிலிருந்து வந்த தபாலட்டை’, ‘ரயில் நிலையத்தில் கிடைத்த மேலங்கி’ ஆகியவற்றை எளிய தந்திரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் குடும்பம் அந்தப் பையை நம்பிக் காத்திருந்த காலம் உண்மையானது.

தேடுதலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மலைமீட்புக் குழுக்களில் இருப்போர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத உள்ளூர்த் தொண்டர்கள். தச்சர், ஆசிரியர், விடுதி நடத்துபவர். க்ளென்கோவில் மீட்புக் குழுவை நிறுவிய ஹேமிஷ் மகின்னஸ் 1960-களில் தேடுநாய்களையும் பழக்கத் தொடங்கினார். வரிசையில் கோலூன்றி நடப்பவர்கள் எல்லோரும் அண்டை வீட்டார் என்பதால், எந்தச் சரிவை யார் பார்த்தார் என்பது பின்னாளில் ஒரு கேள்வியாக எழும். அந்தப் பள்ளத்தை நான் பார்த்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் வேறு யாரும் அங்கே போக மாட்டார்கள். தேடியும் கிடைக்காதபோது ஊர் தன் விளிம்பில் இருப்பவரை நோக்கித் திரும்புகிறது: தனியே வாழும் கிழவர், பேச்சுத் தடுமாற்றம் உள்ளவர், நேற்று குடிவந்தவர். ஆன் கிளீவ்ஸ் 2006-இல் வெளியிட்ட ‘ரேவன் பிளாக்’ நாவலில், ஷெட்லாண்டில் ஒரு சிறுமி தொலைந்ததற்காக எட்டு ஆண்டுகளாக ஊர் மனத்துக்குள் தண்டித்துக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட ஒரு முதியவரைத்தான்.

வழக்கு நீதிமன்றம் வரை போனால், அங்கே நடப்பது இங்கிலாந்தில் நடப்பது போன்றதல்ல. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்ட மரபு உண்டு. ஐயத்துக்குரிய மரணங்களை ஆராய்வதற்கு அங்கே கரோனர் கிடையாது. ப்ரொக்யூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞரே அந்த விசாரணையை நடத்துகிறார். குற்றத்தின் முக்கியக் கூறுகள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் வேண்டும் என்பது அடிப்படை விதி. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு முதியவள் மனம் திறந்து தான் கண்டதைச் சொன்னாலும் அது தனியே போதாது. ஒப்புதல் வாக்குமூலமும் அப்படியே. ஆனால் 1958-இல் பீட்டர் மானுவல் என்ற தொடர்கொலைகாரரின் வழக்கில் ஒரு வழி பிறந்தது. டிசம்பர் இரவொன்றில் காணாமற்போன பதினேழு வயதுப் பெண்ணைப் புதைத்த வயலுக்கு அவரே காவலர்களை அழைத்துப்போய் இடத்தைக் காட்டினார். செய்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரம் வாக்குமூலத்தில் இருந்து, அது உண்மையென்று நேரில் தெரியவந்தால், அந்த விவரமே இரண்டாவது சான்றாகும் என்று நீதிமன்றம் ஏற்றது. இவ்வகையில் நிலம் சாட்சிக்கூண்டில் ஏறுகிறது. நாவலின் இறுதியில் ஒருவர் மழையில் நடந்து ஓரிடத்தைச் சுட்டிக்காட்டும் காட்சிக்கு உணர்ச்சி மதிப்போடு சட்ட மதிப்பும் இருப்பது இதனால்தான்.

குற்றவாளி, குற்றமற்றவர் ஆகிய இரண்டோடு ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற மூன்றாவது தீர்ப்பும் அங்கே நெடுங்காலம் இருந்தது. விடுதலைக்கு நிகரான அந்தத் தீர்ப்பைப் பெற்றவர் அதே தெருவுக்குத் திரும்பி, அதே கடையில் ரொட்டி வாங்கி, முப்பது ஆண்டுகள் வாழ வேண்டியிருந்தது; இறந்தவளின் தாயும் அதே கடைக்கு வருவாள். 2025-இல் ஸ்காட்டிஷ் நாடாளுமன்றம் அத்தீர்ப்பை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருமுறை விடுதலையானவரைப் புதிய சான்று கிடைத்தால் மீண்டும் விசாரிக்க 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது; 1977-இல் எடின்பரோவில் மதுக்கடை ஒன்றிலிருந்து வெளியேறிய பின் கொல்லப்பட்ட பதினேழு வயதுப் பெண்கள் இருவரின் வழக்கில் அதன்படி 2014-இல்தான் தண்டனை கிடைத்தது. கொலைக்கு அங்கே காலவரம்பு இல்லை. 1976 நவம்பரில் இன்வெர்னஸுக்குத் தெற்கே, ஏ9 நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கார் எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்திருக்க வேண்டிய தாயும் மூன்று வயது மகனும் கிடைக்கவில்லை. 2022 செப்டம்பரில், எண்பது வயதை எட்டிய ஒருவர் அந்தக் கொலைகளுக்காக இன்வெர்னஸில் தண்டிக்கப்பட்டார். சில மாதங்களில் அவர் இறந்துபோனார். உடல்கள் எங்கே என்று அவர் சொல்லவில்லை.

எஞ்சியிருப்பது ஓர் எண். எல்லைப்புறத்தின் பழைய பாடல் ஒன்றில், 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாவலரான தாமஸ், எயில்டன் மலையடிவாரத்தில் மாய உலகத்து அரசியைச் சந்தித்து அவளோடு போகிறார். ஏழு ஆண்டுகள் மண்ணுலகில் யார் கண்ணிலும் படவில்லை. ஸ்காட்லாந்தின் 1977-ஆம் ஆண்டு இறப்பு அனுமானச் சட்டமும் அதே ஏழையே சொல்கிறது. இரண்டுக்கும் உறவில்லை, எண் மட்டும் ஒன்று. ஒருவர் ஏழு ஆண்டுகள் உயிரோடு இருந்ததாக எவருக்கும் தெரியாவிட்டால், அவரை இறந்தவராக அறிவிக்கக் கோரி உரிய அக்கறை உடையவர் நீதிமன்றத்தை நாடலாம். நாவல்களில் இது பெரும்பாலும் தாய்க்கும் தந்தைக்கும் இடையே வரும் பூசல்: தந்தை மனு போட விரும்புவார், தாய் கையெழுத்திட மறுப்பாள். அவள் மறுப்பதற்கான காரணத்தை அச்சட்டத்தின் வாசகத்திலேயே காணலாம். எப்போது இறந்தார் என்று வேறு சான்று இல்லாதபோது, கடைசியாக உயிருடன் இருந்ததாக அறியப்பட்ட நாளிலிருந்து சரியாக ஏழு ஆண்டுகள் கழிந்த நாளின் முடிவில் அவர் இறந்ததாக நீதிமன்றம் தீர்மானிக்கும். பதினாறு வயதில் ஒரு டிசம்பர் மாலையில் பஸ் நிறுத்தத்திலிருந்து மறைந்த பெண், அன்றிரவே சதுப்புக்குள் போயிருந்தாலும், அரசுப் பதிவேட்டில் இருபத்து மூன்று வயதில் இறந்தவளாகிறாள்.

அந்த ஏழு ஆண்டுகளை அவள் எங்கும் வாழவில்லை. பின்னொரு நாள் மரம் வெட்டுபவரோ பீட் வெட்டுபவரோ அவளைக் கண்டெடுத்தால், அத்தீர்ப்பைத் திருத்தித் தரும்படி மீண்டும் நீதிமன்றத்துக்குப் போகச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அப்போது பதிவேட்டில் இருபத்து மூன்று என்ற வயது அடிக்கப்பட்டு, பதினாறு என்று எழுதப்படும்.